சமையற்காரர் கண்டெடுத்த சந்தம்

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாய்த்த பழக்கங்களுள் பாடல்களைச் சேகரிப்பதும் ஒன்று. பழைய ஒலிநாடாக்களில் தொடங்கியது, இன்று கைப்பேசிக்குள் சில ஆயிரம் பாடல்களாக வளர்ந்து நிற்கிறது. நண்பர்கள் எதைக் கேட்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். கைப்பேசியோ யாரும் கேளாமலேயே அடுத்த பாடலைப் பரிந்துரைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பாடலை மற்றொருவருக்குப் பரிந்துரைப்பது இத்தனை எளிய செயலாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அது எளிதாக இல்லாத காலத்தில், ஒரு பாடலைக் கேட்டுவிட்டு அதைப் பரிந்துரைப்பதையே எஞ்சிய நாற்பது ஆண்டு வாழ்க்கையாக ஆக்கிக்கொண்ட ஒருவர் தமிழகத்தில் இருந்தார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், திருப்புகழ் சுவாமிகள் என்ற பெயர்களால் அறியப்பட்டவர். அவர் அந்தப் பாடலைக் கேட்ட இடம், கொடைக்கானலைத் தாங்கி நிற்கும் பழநி மலைத்தொடரின் வடபுற அடிவாரம், ஆண்டு 1908.

சுவாமிகளின் இயற்பெயர் அர்த்தநாரி. 1870-ஆம் ஆண்டு, இன்றைய ஈரோடு மாவட்டத்திலுள்ள பவானியில் பிறந்தார். பள்ளிக் கல்வி அவருக்குப் பெரிதாகக் கிட்டவில்லை. பிழைப்புத் தேடி மைசூருக்குச் சென்று, அங்குள்ள அரண்மனையில் சமையற்பணியில் அமர்ந்தார். கட்டான உடலும் கைத்திறனும் கொண்ட அவரைத் தீராத வயிற்றுவலி பற்றிக்கொண்டது. மருந்துகள் பலனளிக்கவில்லை. ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டவரால் தாம் சமைத்ததை உண்ண முடியவில்லை.

இறுதியில் அவர் பழநிக்கு வந்தார். அன்றைய பழநிக்கு ரயில் பாதை கிடையாது. மாட்டுவண்டியிலோ கால்நடையாகவோதான் வரவேண்டும். மலையேறித் தண்டாயுதபாணியை வணங்கி, அபிஷேகப் பாலையே உணவாகக் கொண்டு அங்கேயே தங்கினார். வலி நீங்கியது என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். அதை நம்பிக்கையின் கணக்கில் வைப்பவர்கள் வைக்கட்டும். உணவுக் கட்டுப்பாட்டின் கணக்கில் வைப்பவர்கள் அப்படியே வைக்கட்டும். அதற்குப் பின்னர் நடந்ததே நமக்கு முக்கியம்.

பழநியில் விழா நாளொன்றில் மைசூர் சுந்தரம்மாள் என்ற தேவதாசி, திருப்புகழ்ப் பாடல் ஒன்றைப் பாடி அபிநயம் பிடித்து ஆடினார். அது பழநியைப் பற்றி அருணகிரிநாதர் பாடிய பாடல். அர்த்தநாரி அதைக் கேட்டு நிலைகுலைந்து போனார். அதுவரை திருப்புகழ் என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. மைசூரில் வாழ்ந்தபோது கேளாத பாடலை, மைசூர்ப் பெண்மணி ஒருவர் பாட, பழநியில் கேட்க நேர்ந்தது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் உலகின் வேறு மூலைகளிலும் இதுபோன்ற நிகழ்வுகள் நடந்தன. 1903-இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் தோட்டக்காரர் ஒருவர் பாடிய நாட்டுப்பாடலைத் தற்செயலாகக் கேட்ட செசில் ஷார்ப், அதன் பிறகு ஆங்கில நாட்டுப்பாடல்களைத் திரட்டுவதில் வாழ்நாளைச் செலவிட்டார். 1904-இல் பணிப்பெண் ஒருவரின் பாட்டைக் கேட்ட ஹங்கேரிய இசைமேதை பேலா பார்டோக், ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு சிற்றூர் சிற்றூராக அலைந்தார். மூன்று நிகழ்வுகளிலும் பாடியவர்கள் சமூகத்தின் மேல்தட்டைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனால், ஷார்ப்பும் பார்டோக்கும் இசை பயின்றவர்கள். அர்த்தநாரியோ எழுத்தறிவே போதாத சமையற்காரர். வியப்பு இங்கேதான் கூடுகிறது.

கேட்ட பாடலை மீண்டும் அடைய அவருக்கு இருந்த ஒரே வழி புத்தகம். நல்வாய்ப்பாக, அந்தப் புத்தகம் அப்போது இருந்தது. அது இருந்ததற்குக் காரணமான மற்றொருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். அவர் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. 1846-இல் பிறந்து நீதித்துறையில் பணியாற்றி மாவட்ட முன்சீப்பாக உயர்ந்தவர். சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் உரிமைக்குச் சான்றாகத் திருப்புகழ்ப் பாடல் ஒன்றை எடுத்துக்காட்டிய செய்தி 1871-இல் அவரை ஈர்த்தது என்பர். ஒரு வழக்குச் சான்று, தேடலாக மாறியது. அலுவல் நேரம் போக மீதி நேரத்தில் ஊர் ஊராகச் சென்று ஓலைச்சுவடிகளைத் தேடினார், பாடுவோரைத் தேடினார், பாடங்களை ஒப்பிட்டார். 1890-களில் முதல் தொகுதியும், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் தொகுதியும் அச்சேறின.

பதினைந்தாம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதர் பதினாறாயிரம் பாடல்கள் பாடினார் என்பது மரபு. இன்று நம் கையில் இருப்பவை ஏறத்தாழ 1,300. அவற்றுள் பழநிக்குரியவை மட்டும் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை. மரபு சொல்லும் எண்ணிக்கை மிகையே ஆனாலும், கிடைத்ததைவிடத் தொலைந்தது அதிகமாக இருக்கலாம். சுப்பிரமணிய பிள்ளை 1909-இல் மறைந்தார். அவருடைய மகன்கள் பணியைத் தொடர்ந்தனர். அவர்களுள் வ. சு. செங்கல்வராய பிள்ளை, பாடல்களுக்கு உரையும் எழுதி முடித்தார். தந்தை தொடங்கிய தொகுப்பு மகன்களின் காலத்திலும் வளர்ந்துகொண்டே இருந்தது.

அந்தத் தொகுப்பு எதைக் காப்பாற்றியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு கொடைக்கானலுக்கு அருகிலேயே இருக்கிறது. பூம்பாறை, மலைப்பூண்டுக்குப் பெயர்பெற்ற சிற்றூர். படிக்கட்டு வயல்களுக்கு நடுவே குழந்தை வேலப்பர் கோயில் உள்ளது. பூம்பறை என்ற பெயரால் இத்தலத்துக்கும் ஒரு திருப்புகழ் உண்டு. கொடைக்கானலின் வரலாற்றைப் பலரும் அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் வீடு கட்டிய 1845-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கும் நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, ஊரும் கோயிலும் வழிபாடும் இந்த மலைமீது இருந்தன என்பதற்கு அந்த ஒரு பாடலே சாட்சி. ஏடு செல்லரித்துப் போயிருந்தால் அந்தச் சாட்சியும் போயிருக்கும்.

சுப்பிரமணிய பிள்ளை செய்தது பெரும்பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும், பொருளியல் கண்ணோட்டத்தில் பார்த்தால், அவர் சீர்செய்தது அளிப்பின் பக்கத்தை மட்டுமே. பொருள் சந்தைக்கு வந்துவிட்டது; வாங்குவோர் யார்? அச்சிட்ட நூலை வாங்கியவர்கள் படித்தவர்கள். சந்தத்தின் அருமை தெரிந்தவர்கள். மற்றவர்களுக்குத் திருப்புகழ் கடினமான பாட்டு. சொற்களைப் பிரிக்கத் தெரியாமல் வாசித்தால் பொருள் பிடிபடாது. மூலப் பாடல்களின் பண்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன; சந்தம் மட்டுமே தாளத்தைக் காட்டிக்கொடுக்கும் எலும்புக்கூடாக நிற்கிறது. அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை எப்படிப் பாடுவது என்று தெரியாமல் நிற்பவரே மிகுதி.

இசை, நுகர்ந்து பார்த்த பிறகே தரம் தெரியும் பொருள்வகையைச் சேர்ந்தது. கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். கேளாத பாடலைப் பார்த்து வாங்க முடியாது. எனவே அறிமுகப்படுத்துபவர் ஒருவர் தேவைப்படுகிறார். இன்னொன்றும் உண்டு. ஒரு பொருளை நுகர நுகர அதன்மீதான நாட்டம் குறைந்துகொண்டே போகும் என்பது பொருளியலின் அடிப்படை விதி. ஆனால், நல்ல இசையைக் கேட்கக் கேட்க அதன்மீதான சுவை வளரவே செய்யும் என்று ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட தம் நூலிலேயே சுட்டிக்காட்டியிருக்கிறார். முதல் முறை கேட்க வைப்பதற்குத்தான் ஆள் வேண்டும். பிறகு பாடலே தன்னைப் பார்த்துக்கொள்ளும். அந்த முதல் முறைக்கு வந்து நின்றவர்தான் அர்த்தநாரி.

அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. நாற்பதை நெருங்கும் வயதில் திருப்புகழ் நூலைத் தேடி வாங்கினார். பிறர் உதவியோடு எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினார். தமிழ்ச் செய்யுள்களிலேயே கரடுமுரடான சந்தங்களைக் கொண்ட ஒரு நூல் அவருக்கு அரிச்சுவடி ஆயிற்று. ஒவ்வொரு பாடலாக மனப்பாடம் செய்தார். வயது முதிர்ந்தோருக்கு எழுத்தறிவு புகட்டும் திட்டங்களைப் பற்றி நெடுங்காலம் வகுப்பில் பேசியவன் என்ற முறையில் எனக்கு இது ஒரு பாடம். முதியோர் கல்வியில் நாம் பெரும்பாலும் பயனைச் சொல்லி அழைக்கிறோம். கையெழுத்துப் போடலாம், பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கலாம் என்கிறோம். ஆசையைச் சொல்லி அழைப்பதில்லை. தாம் விரும்பியதைத் தாமே படிக்க வேண்டும் என்ற ஆசை ஒரு சமையற்காரரை எவ்வளவு தொலைவு கொண்டுசெல்லும் என்பதற்கு அவரே சான்று.

பின்னர் அவர் திருவண்ணாமலைக்குச் சென்றார். மலைமீது வாழ்ந்துவந்த ரமண மகரிஷியை அணுகினார். கீழே இறங்கிச் செல்லும்படி மகரிஷி பணித்ததாகவும், கீழே சேஷாத்திரி சுவாமிகளைச் சந்தித்ததாகவும் வரலாறு கூறுகிறது. திருப்புகழைத் தவிர வேறு மந்திரம் தேட வேண்டியதில்லை என்று அறிவுறுத்தி, அவரை வள்ளிமலைக்கு அனுப்பியவர் சேஷாத்திரி சுவாமிகள். அர்த்தநாரி, சச்சிதானந்த சுவாமிகள் ஆனார். வேலூரை அடுத்த வள்ளிமலையில், முருகன் வள்ளியை மணந்ததாகக் கருதப்படும் பாறைக் குன்றில், திருப்புகழ் ஆசிரமத்தை அமைத்துக்கொண்டார். சமணக் குகைகளும் கங்க மன்னர் காலத்துக் கல்வெட்டும் உள்ள அந்தக் குன்றில் புதிதாக ஒரு குரல் ஒலிக்கத் தொடங்கியது.

தனியே பாடிக்கொண்டு அங்கேயே அமர்ந்திருந்தால் அவர் பல துறவிகளுள் ஒருவராக மட்டுமே இருந்திருப்பார். அவர் செய்த வேலை வேறு. கடினமான சந்தங்களைக் கூட்டமாகப் பாடக்கூடிய எளிய மெட்டுகளில் அமைத்துப் பாடினார். ஊர் ஊராகச் சென்று பாடிக் காட்டினார். அன்றாடப் பாராயணத்துக்கு ஏற்றவாறு பாடல்களைத் தெரிந்து வரிசைப்படுத்தினார். அருணகிரிநாதரின் வேல் வகுப்பிலுள்ள பதினாறு அடிகளை முன்னும் பின்னுமாக மாற்றி அடுக்கி, அறுபத்துநான்காக விரியும் வேல் மாறல் என்ற பாராயண முறையை வகுத்தவரும் அவரே. இன்று எத்தனையோ வீடுகளில் வேல் மாறல் ஒலிக்கிறது. அதைத் தொகுத்தவர் ஓர் அரண்மனைச் சமையற்காரர் என்பதைப் பாடுவோரில் பலர் அறியார்.

அவருடைய நுண்ணறிவுக்குச் சிறந்த சான்று திருத்தணிப் படித் திருவிழா. ஆங்கிலேயர் ஆட்சியில் ஜனவரி முதல் நாளன்று, மாலையும் பழமுமாக வெள்ளை அதிகாரிகளின் வீட்டு வாசலில் காத்துக்கிடப்பது நம்மவர் வழக்கமாயிருந்தது. அதைக் கண்ட சுவாமிகள், அந்த வாழ்த்தைத் துரைகளுக்குச் சொல்வதைவிடத் தணிகை வேலனுக்குச் சொல்வது தகும் என்று கருதினார். 1917-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அன்பர்களைத் திரட்டிக்கொண்டு திருத்தணி மலையேறினார். ஆண்டின் நாள்களைப் போல அங்கே படிகளும் 365. படிக்கு ஒரு திருப்புகழ் பாடி, கற்பூரம் காட்டி, மேலே சென்றனர். நூறு ஆண்டுகள் கடந்தும் டிசம்பர் 31 அன்று அந்த விழா நடக்கிறது.

இதில் அரசியல் கூர்மை உண்டு. அதே அளவுக்கு நடைமுறை அறிவும் உண்டு. பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாளாக இருந்திருந்தால் அலுவலகம் செல்வோர் வந்திருக்க இயலாது. அனைவருக்கும் விடுமுறை கிடைக்கும் நாளை, யாரும் மறக்க முடியாத நாளை அவர் தேர்ந்தெடுத்தார். படிக்கு ஒரு பாடல் என்ற கணக்கும் அப்படிப்பட்டதே. ஓர் இரவில் ஒருவர் நூற்றுக்கணக்கான பாடல்களைக் கேட்டுவிடுகிறார். பத்துப் பாடல்களாவது காதில் தங்கும். இரண்டாவது நாவில் ஏறும். சந்தையைப் பற்றி ஒரு நூலும் படிக்காதவர் வகுத்த பரவல் திட்டம் இது.

அவர் காலத்திலும் அவருக்குப் பின்னும் இந்தக் கண்ணி நீண்டுகொண்டே சென்றது. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை திருப்புகழின் தாள நுட்பங்களைக் கச்சேரி மேடையில் நிலைநாட்டினார். வழக்கறிஞராயிருந்து திருவிதாங்கூர் நீதித்துறையில் உயர்ந்த டி. எம். கிருஷ்ணசாமி ஐயர், திருப்புகழ் மணி என்றே பெயர்பெற்றார். கிருபானந்த வாரியார் தம் சொற்பொழிவுகளாலும் இதழாலும் பட்டிதொட்டியெங்கும் அதைக் கொண்டுசேர்த்தார். 1964-இல் வெளிவந்த அருணகிரிநாதர் திரைப்படத்தில் டி. எம். சௌந்தரராஜன் நடித்துப் பாடிய பிறகு, திருப்புகழ் தேநீர்க்கடை வானொலி வரை வந்துவிட்டது. தில்லியிலிருந்து ஏ. எஸ். ராகவன் நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு இராகம் அமைத்து, வெளிமாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் பாடும் குழுக்களை உருவாக்கினார். சச்சிதானந்த சுவாமிகள் 1950 நவம்பரில் வள்ளிமலையில் மறைந்தார். ரமண மகரிஷி மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

இந்த வரிசையில் ஒரு பெயர் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அது மைசூர் சுந்தரம்மாளின் பெயர். திருப்புகழ்ப் பாடல்கள் பலவற்றில் முற்பகுதி, பொதுமகளிர் மயக்கில் வீழ்ந்த மனத்தின் வருத்தத்தைச் சொல்லும். பிற்பகுதி இறைவனிடம் அடைக்கலம் கேட்கும். தேவதாசிகளையும் அந்தப் பழிச்சொல்லுக்குள் சேர்த்தே எண்ணிய காலம் அது. ஆனால் எந்தப் பெண்களைச் சமூகம் அப்படி எண்ணியதோ, அந்தப் பெண்களில் ஒருவரின் நாவில்தான் பாடல் உயிரோடு இருந்தது. புத்தகம் அச்சாகிப் பல ஆண்டுகளாகியும் அர்த்தநாரியை எட்டவில்லை. ஒரு பெண்ணின் குரல் ஒரே நாளில் எட்டியது.

தேவதாசி முறையைச் சட்டத்தால் ஒழித்தது சரியே. முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் பல ஆண்டுகள் போராடியதன் விளைவாக 1947-இல் வந்த அந்தச் சட்டம் எத்தனையோ சிறுமியரைக் காத்தது. ஆனால், முறையை ஒழித்தபோது அந்தப் பெண்களிடம் இருந்த பாட்டையும் அபிநயத்தையும் முறையாகக் கேட்டுப் பதிந்துகொள்ள நாம் போதிய அக்கறை காட்டவில்லை. அவர்களோடு எவ்வளவு போயிற்று என்பதற்கு நம்மிடம் கணக்கு இல்லை. சுந்தரம்மாள் அன்று பழநியில் பாடிய மெட்டு எது என்பதற்கும் பதிவு இல்லை. நாற்பது ஆண்டுகள் பரிந்துரைக்கப்பட்ட ஓர் இசையின் முதல் பரிந்துரை அவருடையது. படித் திருவிழாவில் பாடுவோர் சுவாமிகளை நினைக்கும்போது ஒரு கணம் அந்த அம்மையாரையும் நினைப்பது கடமை.

இன்று நம்மிடம் பற்றாக்குறை என்பது பாடல்களில் இல்லை. பொறுமையோடு கேட்கும் காதுகளிலும், பொறுப்போடு பரிந்துரைக்கும் மனிதர்களிலும்தான் இருக்கிறது. கணினியின் பரிந்துரை, நான் ஏற்கெனவே விரும்பியதைப் போன்ற மற்றொன்றையே பெரும்பாலும் எடுத்துத் தருகிறது. அர்த்தநாரிக்கு அன்று கிடைத்ததோ, அவர் அதுவரை கேட்டதோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒன்று. பரிந்துரைத்த பெண்மணி தம் உடலையும் குரலையும் அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டவர் பின்னர் தம் வாழ்நாளையே கொடுத்தார். பரிந்துரைப்பவர் அதற்காக எதையேனும் இழக்க அணியமாயிருந்தால்தான் பரிந்துரைக்கு எடை கூடுகிறது.

தைப்பூசக் காலத்தில் பழநியை நோக்கி நடக்கும் அடியார் கூட்டங்களில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனிக் காவடிப் பாட்டுகள் ஒலிக்கின்றன. பழநி மலைத்தொடரின் சரிவுகளில் வாழும் பளியர் குடியிருப்புகளிலும், பூம்பாறை போன்ற மேல்மலைச் சிற்றூர்களிலும் முதியோர் நாவில் பாட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்கச் சுவடி தேடி அலைய வேண்டியதில்லை. கைப்பேசியை எடுத்து வைத்தால் போதும். திண்டுக்கல் மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறையும் இசைத்துறையும் மாணவர்களுக்கு ஒரு பருவப் பணியாக இதைத் தரலாம். பாடுபவரின் ஒப்புதலோடு, அவர் பெயரை முதலில் எழுதிவிட்டுப் பதிவுசெய்ய வேண்டும். சுந்தரம்மாளுக்கு நேர்ந்தது மற்றொருவருக்கு நேரக்கூடாது.

மாவட்ட முன்சீப் ஒருவர் தேடினார். நடனப் பெண்மணி ஒருவர் பாடினார். சமையற்காரர் ஒருவர் கேட்டார். மூவரில் ஒருவர் இல்லாதிருந்தாலும் இன்றைய திருப்புகழ் இந்த வடிவில் நமக்குக் கிடைத்திருக்காது. மூவரும் தம் தொழிலுக்காக இதைச் செய்யவில்லை என்பதும், சுந்தரம்மாளைத் தவிர மற்ற இருவருக்கும் இசை தொழிலே இல்லை என்பதும் எண்ணத்தக்கவை. அடுத்த முறை பழநிப் படியேறும்போது, ஒலிபெருக்கியில் கேட்கும் பாட்டோடு, பக்கத்தில் காவடி சுமந்து ஏறும் முதியவர் முணுமுணுக்கும் பாட்டுக்கும் சற்றுக் காது கொடுப்போம். அது நமக்கு இதுவரை யாரும் பரிந்துரைக்காத பாட்டாக இருக்கக்கூடும்.